அசல் ரெப்ளிகா

அந்தப் பெயரை வைத்தவன் குவான்தான். வைத்தபோது அவன் கையில் பியர் இருந்தது. எதிரே தட்டு நிறைய நத்தை. கல்யாணமாகி இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. மனைவியின் அண்ணன் சோன் நத்தையை உறிஞ்சிவிட்டு ஓட்டைத் தரையில் எறிந்தான்.

"வாத்தியாரே, ஒரு இங்கிலீஷ் பேரு சொல்லேன். ஹெல்மெட்டுக்குப் பின்னாடி ஒட்டணும்."

"என்ன மாதிரி பேருண்ணே?"

"கேட்டா பெரிய கம்பெனி மாதிரி இருக்கணும். ஆனா நாளைக்கு எவனாவது அதிகாரி வந்து, ஏண்டா ஊர ஏமாத்துறன்னு கேட்டா, நான் எங்க சார் ஏமாத்தினேன், அதுலயே எழுதியிருக்கே, படிச்சுப் பாருங்கன்னு சொல்ற மாதிரியும் இருக்கணும்."

சோன் சைகோனில் பெரிய சாலை ஒன்றின் நடைபாதையில் ஹெல்மெட் விற்றான். நல்ல ஹெல்மெட்டுக்குள் கெட்டியான தெர்மாகோல் இருக்கும். சோனுடையதில் மெல்லிய பஞ்சு, அதற்கு மேல் துணி, அவ்வளவுதான். இரண்டு பக்கமும் கட்டை விரலை வைத்து அழுத்தினால் பிளாஸ்டிக் வாளி மாதிரி வளையும். விலை நல்லதில் ஐந்தில் ஒரு பங்கு. ஊர் முழுக்க அதைத்தான் மாட்டிக்கொண்டு போனது. தலைக்காக அல்ல, போலீசுக்காக.

குவான் ஒரு வாய் குடித்தான். மாலை நேரங்களில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் மையம் ஒன்றில் அவனுக்கு வேலை. சொற்கள் அவனிடம் கைவசம் இருந்தன.

"ரெப்ளிகா."

"அப்படின்னா?"

"அசல் மாதிரியே செஞ்சு வச்ச நகல். போலின்னுதான் அர்த்தம். ஆனா கோட்டு சூட்டு போட்ட போலி."

சோன் மேஜையை ஓங்கித் தட்டினான். கோப்பைகள் குதித்தன. "நாலு வருஷம் காலேஜுக்குப் போனதுக்கு இப்பத்தான்யா ஒரு பலன்!"

உள்ளே மாங்காய் சீவிக்கொண்டிருந்த லியென் எட்டிப் பார்த்தாள். "என்ன சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல தங்கச்சி. தொழில் பேச்சு."

குவானும் சிரித்தான். அன்றைக்கு அது நல்ல வேடிக்கையாகத்தான் இருந்தது.

ஆறு மாதத்தில் அந்தச் சொல் சாலை முழுக்கப் பரவிவிட்டது. பள்ளிக்கூடப் பெண்கள் வண்டியை நிறுத்தி, "ரெப்ளிகா இருக்கா அண்ணா?" என்று கேட்டார்கள். அலுவலகம் போகிறவர்கள், "சும்மா காட்டாதீங்க, ரெப்ளிகாவக் காட்டுங்க" என்றார்கள். தங்க நிற எழுத்து ஏழும் எங்கே பார்த்தாலும் மினுங்கின. பிறகு எதிர்ச்சாரிக் கடைக்காரன் ஒருவன் அதே ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டி, இன்னும் மலிவாக விற்க ஆரம்பித்தான். சோனுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"நம்ம ரெப்ளிகாவையே காப்பி அடிக்கிறானுங்க வாத்தியாரே! போலிப் பசங்க! மனசாட்சின்னு ஒண்ணு வேணாம்?"

மறுநாளே அட்டை ஒன்றில் பெரிதாக எழுதிக் கடை முன்னால் தொங்கவிட்டான். *இங்கே அசல் ரெப்ளிகா மட்டுமே விற்கப்படும்.*

வகுப்பில் ஒரு மாணவி, ‘என் ஹெல்மெட் ரெப்ளிகா, மிகவும் தரமானது’ என்று ஆங்கிலத்தில் வாக்கியம் எழுதிக் கொடுத்தாள். குவான் சிவப்புப் பேனாவால் அதில் ஒரு சிறு பிழையைத் திருத்தினான். பக்கத்தில் ‘நன்று’ என்று எழுதினான். பொருளைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

லியெனிடமும் சொல்லவில்லை.

அவளுக்கு அண்ணன் கொடுத்தது இளம் ஊதா நிறம். குவான் மாட்டியது வேலை பார்க்கும் மையம் ஆண்டு விழாவில் கொடுத்தது. நல்லது. கனமானது, அழகில்லாதது. ஒருநாள் காலையில் கண்ணாடி முன்னால் பட்டையை மாட்டிக்கொண்டே அவள் கேட்டாள்.

"ஏங்க, இந்த ரெப்ளிகான்னா என்னங்க அர்த்தம்?"

அவன் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நல்ல வார்த்தைதான்."

"நல்ல வார்த்தைன்னா?"

"லேட்டாகுது பாரு உனக்கு."

சொல்லியிருந்தால் ஒரு நிமிடம் ஆகியிருக்கும். சொன்னால் அவள் அதை அம்மா வீட்டில் கேட்பாள். சாப்பாட்டு மேஜையில் அண்ணன் முகத்தைப் பார்த்துக் கேட்பாள். அந்த மேஜையில் வாரத்துக்கு மூன்று நாள் அவனும் சாப்பிட்டான். இவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதையும் அவனால் இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

ஜூன் மாத மழையில் கன்டெய்னர் லாரி ஒன்றின் பின்பக்கம் அவள் வண்டியின் கைப்பிடியை லேசாகத் தொட்டுவிட்டுப் போனது. அவள் வேகமாகக்கூடப் போகவில்லை. உடம்பில் வேறு காயமே இல்லை. இளவயது டாக்டர், தூக்கம் கெட்ட முகம். "நல்ல ஹெல்மெட்டா இருந்திருந்தா தலைவலியோட போயிருக்கும்" என்றார். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்தவர் போல வேறு பக்கம் பார்த்தார். செருப்பு, கைப்பை, ஹெல்மெட் மூன்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். ஹெல்மெட் இரண்டாகப் பிளந்திருந்தது. ஒரு பாதியில் நான்கு எழுத்து, மறு பாதியில் மூன்று.

குவான் அதை வீட்டு அலமாரியில் பூட்டி வைத்தான். மாமியார் வீட்டில் லாரி என்று மட்டும் சொன்னான். அது பொய்யில்லை.

பதினைந்தாம் நாள் வகுப்புக்குப் போனான். சோன் இருபதாம் நாள் கடை போட்டான்.

இன்று அவள் போய் நூறாவது நாள். அழுகையை நிறுத்துகிற நாள் என்று அதற்குப் பெயர். இன்றோடு அழுவதை முடித்துக்கொள்ள வேண்டும். குவான் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.

அவன் போய்ச் சேர்ந்தபோது சந்து முழுக்கப் பாகற்காய் சூப் வாசனை. முன்னறையில் பாதி இடத்தை சோனின் சரக்கு அடைத்துக்கொண்டிருந்தது. கூரைவரை அடுக்கிய ஹெல்மெட்டுகள். மீதி இடத்தில் பூசை மேஜை, லியெனின் படம், பழங்கள், முட்டை போட்டுச் சமைத்த பன்றிக்கறி, ஒரு கிண்ணம் சோறு. குவான் தன் ஹெல்மெட்டைக் கழற்றி வாசல் ஆணியில் மாட்டினான். ஊதுபத்தி ஏற்றினான். கும்பிட்டான்.

"வந்துட்டியாப்பா" என்றாள் மாமியார் ஹுவே அம்மாள். "மெலிஞ்சுட்டே."

"இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்."

சந்துக்குள் சோனும் பக்கத்து வீட்டுக்காரரும் காகித மோட்டார்சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லியெனுக்காக எரிக்கப்போகிற பொருட்கள் அவை. காகித உடுப்பு, காகிதச் செருப்பு, கட்டுக் கட்டாகக் காகிதப் பணம், ஏறி உட்காரலாம் என்கிற மாதிரி ஒரு வண்டி. வாசலில் நுழையும்போது வண்டியின் பக்கக் கண்ணாடி நிலைப்படியில் இடித்தது.

"பாத்துடா!" என்று கத்தினாள் ஐந்தாவது சித்தி. ஹுவே அம்மாளின் தங்கை, வாய் ஓயாதவள். "கண்ணாடி வளைஞ்சிருச்சு பாரு. இங்க வளைஞ்சா அங்கயும் வளைஞ்சுதான் போய்ச் சேரும். அவ பின்னால வர்றவனப் பாக்க வேணாமா?"

"நிமித்திட்டேன் சித்தி. புதுசு மாதிரி ஆயிடுச்சு."

"போன வருஷம் எங்க மாமனாருக்கு எரிக்கும்போது எவனோ குச்சியால நெருப்பக் கிண்டிட்டான். மறுநாள் கனவுல வர்றாரு மனுஷன், சட்டையெல்லாம் கந்தல். அப்பவும் என்னையத்தான் திட்டுறாரு."

"உயிரோட இருந்தப்பவும் உன்னையத்தான திட்டினாரு."

"பழக்கம் விடுமா? சரி, வண்டி குடுத்தீங்க, லைசென்ஸ் எங்க?"

"அங்க எதுக்கு சித்தி லைசென்ஸ்?"

"ஏன், அங்க மட்டும் போலீஸ் இருக்க மாட்டானா? முதல்ல போய்ச் சேர்ந்தவனே அவனாத்தான் இருப்பான்."

சிரித்தார்கள். ஹுவே அம்மாளும் லேசாகச் சிரித்தாள். "அதுக்குத்தான் ஹெல்மெட்டும் வாங்கியிருக்கேன்" என்று உள்ளே போனாள். செய்தித்தாளில் சுற்றியிருந்த ஒன்றைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சோலோன் கடைத்தெரு வரைக்கும் ரெண்டு தடவ போய்ட்டு வந்தேன். முதல்ல சும்மா ஒரு வெள்ளை ஹெல்மெட்டச் செஞ்சு வச்சிருந்தான் அந்தக் கடைக்காரன். எம்பொண்ணு போட்டது இது இல்ல, ஊதாக் கலரு, ரெப்ளிகா, நல்ல சாமான்னு சொல்லித் திரும்பச் செய்ய வச்சேன். பாரு, எவ்வளவு அச்சு அசலா இருக்கு."

தாளைப் பிரித்தாள். இளம் ஊதா. பட்டைகூடக் காகிதத்தில். பின்பக்கம் தங்கக் காகிதத்தில் வெட்டி ஒட்டிய ஏழு எழுத்து. கடைக்காரன் கவனமான ஆள். ஒன்றுகூடக் கோணவில்லை.

குவான் சோனைப் பார்த்தான். சோன் காகித வண்டியின் டயரைத் தடவிக்கொண்டிருந்தான்.

"சரி, பத்தி பாதிக்கு மேல எரிஞ்சிருச்சு. கொண்டாங்க எல்லாத்தையும்" என்றாள் சித்தி. சந்தில் தகர டிரம் வைத்திருந்தது. பணக்கட்டுகள் முதலில் போயின. உடுப்பு போனது. குவானின் கையில் ஹெல்மெட்டைக் கொடுத்து, "நீயே போடுப்பா, புருஷங்காரன் கையால போகட்டும்" என்றாள் ஹுவே அம்மாள்.

அது எடையே இல்லாமல் இருந்தது. கையில் இருப்பதே தெரியவில்லை. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். அவன் விரல் ஓர் எழுத்தின் ஓரத்தில் பட்டது. நகத்தால் கிளறினான். பிறகு பிய்த்தான். எழுத்தோடு ஊதாக் காகிதமும் உரிந்து வந்தது. அடுத்ததைப் பிய்த்தான். மூன்றாவதைப் பிய்க்கும்போது உள்ளிருந்த மூங்கில் சிம்பு வெளியே தெரிந்தது.

"ஐயையோ, என்னப்பா பண்றே!" சித்தி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இந்த எழுத்து வேணாம்."

"புத்தி கெட்டுப் போச்சா உனக்கு? கிழிச்சுட்டானே! அக்கா, கிழிச்சுட்டான் பாரு!"

"வாத்தியாரே" என்றான் சோன், தணிந்த குரலில். "உள்ள வா. அப்புறம் பேசிக்கலாம்."

"அப்புறம் என்னத்தப் பேசறது?"

"இன்னிக்கு வேணாம். அம்மா முன்னாடி வேணாம்."

ஹுவே அம்மாள் மகனையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன வேணாம்? என்னடா ரெண்டு பேரும்? எழுத்துல என்ன இருக்கு?"

குவான் வகுப்பில் பொருள் சொல்லுகிற குரலில் சொன்னான். அந்தக் குரல்தான் வந்தது.

"அதுக்குப் போலின்னு அர்த்தம்மா. நெசத்த மாதிரி செஞ்சு வச்ச போலி. கம்பெனி பேரெல்லாம் இல்ல. நான்தான் வச்சேன். சோன் அண்ணன் கேட்டாரு, விளையாட்டா சொன்னேன். அவ தலையில இருந்ததும் இதுதான். விழுந்ததும் ரெண்டாப் பொளந்திருச்சு. நல்லது போட்டிருந்தா பொழச்சிருப்பான்னு டாக்டர் சொன்னாரு. பொளந்தது எங்கிட்டத்தான் இருக்கு. அலமாரியில."

டிரம்முக்குள் பணக்கட்டுகள் எரிந்துகொண்டிருந்தன.

"ஊரே போடுது" என்றான் சோன். "லட்சம் பேர் போடுறான். எல்லாரும் செத்தா போறான்? அந்த விலைக்கு நெசமானது கிடைக்கும்னு எவனாவது நம்புவானா? தெரிஞ்சுதான் வாங்குறான்."

"அவளுக்குத் தெரியுமா?" என்றாள் ஹுவே அம்மாள்.

சோன் தரையைப் பார்த்தான். "எங்கிட்ட கேட்டா. நீ உன் புருஷனக் கேளு, அவன்தான் படிச்சவன்னு சொன்னேன்."

அவள் குவான் பக்கம் திரும்பினாள்.

"கேட்டா" என்றான் குவான். "சொல்லல."

ஹுவே அம்மாள் வீட்டுக்குள் போனாள். அடுக்கிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்தாள். இரண்டு வருஷமாக அந்த அடுக்குகளுக்குப் பக்கத்தில் பாய் போட்டுப் படுத்தவள். தூசி துடைத்தவள். மழை நாளில் ஒழுகும் இடம் பார்த்து நகர்த்தி வைத்தவள். இரண்டு கட்டை விரலையும் வைத்து அழுத்தினாள். அது உள்ளே குழிந்தது. விரலை எடுத்ததும் ‘டொக்’ என்று பழையபடி எழும்பியது. இன்னொருமுறை அழுத்தினாள். மறுபடி ‘டொக்’. அதை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

திரும்பி வரும்போது பூசை மேஜையிலிருந்த சோற்றுக் கிண்ணம் அவள் கையில் இருந்தது.

"ஒட்டு" என்றாள்.

"அம்மா..."

"கிழிச்சவன்தான ஒட்டணும்? பத்தி அணையறதுக்குள்ள ஒட்டு. ஒடஞ்ச ஹெல்மெட்டோட ஒரு தடவ அவள அனுப்பியாச்சு. மறுபடியும் கிழிஞ்சதக் குடுத்து அனுப்ப என்னால முடியாது."

"ஊதாத் தாள் மட்டும் ஒட்டுறேன். எழுத்து வேணாம்மா."

"எழுத்த ஒட்டாட்டி ஓட்டை தெரியும்."

"வேற தாள் வச்சு..."

"இருந்தபடியே ஒட்டு. நான் ரெண்டு தடவ நடந்து போய்க் கேட்டு வாங்கினது."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும். குவான் சந்தில், டிரம்முக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். சோற்றுப் பருக்கையை விரலில் மசித்தான். உரிந்த ஊதாக் காகிதத்தை மூங்கில் மேல் இழுத்து ஒட்டினான். ஒட்டின தடம் தெரிந்தது. முதல் எழுத்தை எடுத்து வைத்தான். இரண்டாவது கோணலாக உட்கார்ந்தது. எடுத்து மறுபடி வைத்தான். மூன்றாவதை வைத்து, கட்டை விரலால் அழுத்தாமல், ஊதி ஊதிக் காய வைத்தான்.

ஹுவே அம்மாள் குனிந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்தே தெரியாது.

"வரிசை சரியா இருக்கா? எனக்குப் படிக்கத் தெரியாது. நீ பாத்துச் சொல்லு."

"சரியா இருக்கும்மா."

"என்ன எழுதியிருக்கு?"

அவன் ஹெல்மெட்டை மறுபக்கம் திருப்பினான்.

"படி."

"ரெப்ளிகா" என்று படித்தான் குவான்.

"சரி. போடு."

போட்டான். மேலே காகித வண்டியைச் சாய்த்து இறக்கினார்கள். குச்சியால் யாரும் தொடவில்லை. எல்லாம் முழுசாக எரியும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஹெல்மெட்தான் முதலில் எரிந்து முடிந்தது.

வண்டி பாதி எரியும்போது சோனின் போன் அடித்தது. அவன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சந்து முனைக்குப் போனான். காற்று அந்தப் பக்கத்திலிருந்து வீசியது. "இருக்கு... ஊதா இருக்கு... நாளைக்கு வாங்க" என்பது எல்லார் காதிலும் விழுந்தது. திரும்பி வந்தபோது அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

சாப்பாடு போட்டார்கள். குவான் சாப்பிட்டான். பாகற்காய் சூப்பை ஹுவே அம்மாளே அவன் கிண்ணத்தில் ஊற்றினாள். எப்போதும் போல இரண்டு கரண்டி. சித்தி பக்கத்து வீட்டுக்காரரிடம் மழையைப் பற்றி ஏதோ பேசினாள். சோன் கறியைத் தொடாமல் சாப்பாட்டுக் குச்சியால் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான்.

கிளம்பும்போது, "போய்ட்டு வரேம்மா" என்றான் குவான்.

ஹுவே அம்மாள் வாசல்வரை வந்தாள். ஆணியில் தொங்கிய அவனுடைய ஹெல்மெட்டை அவளே எடுத்தாள். முன்பெல்லாம் லியென் கிளம்பும்போதும் இப்படித்தான் எடுத்துக் கொடுப்பாள். கொடுக்காமல் கையிலேயே சிறிது நேரம் வைத்திருந்தாள். பிறகு இரண்டு பக்கமும் கட்டை விரலை வைத்து அழுத்தினாள். நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினாள்.

வளையவில்லை.

அதை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.